தட்டில் வைத்த சம்மன்

சம்மன் கொடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ஆள் அவர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் கொடுக்க வேண்டும். இது இன்ன வழக்கு, இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு ஆபிசுக்கு வந்து, கொடுத்தது சத்தியம் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஈப்போ பட்டணத்தில் ஒரு வக்கீல் ஆபிசில் ஜெயபாலன் ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தான். நாய் கடித்திருக்கிறது. பத்து காஜா ஊரில் ஒரு மரக்கடைக்காரர் செருப்பைக் கழற்றியிருக்கிறார். தெலுக் இந்தானில் ஒரு பெண்பிள்ளை, தேடி வந்த ஆள் தான் இல்லை, தன் தங்கச்சி என்று ஒரு மணி நேரம் சாதித்துப் பார்த்தாள். எல்லாரிடமும் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். ஜெயபாலன் கொண்டுபோன சம்மன் திரும்பி வராது என்று பெரிய வக்கீலே நாலு பேரிடம் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவன் 1983-ஆம் வருஷம் ஒன்பதாம் கட்டை ரப்பர்த் தோட்டத்தில் சறுக்கி விழுந்தான். அது அவன் பிறந்து வளர்ந்த தோட்டம்.

வெள்ளைக்காரக் கம்பெனி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. தோட்டம் கைமாறிக் கைமாறி, கடைசியாக வாங்கியவன் ரப்பர் மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிச்சம் இருந்தது பதினெட்டுக் குடும்பம். அவர்களும் போய்விட்டால் நிலம் சுத்தமாகிவிடும். அதற்குத்தான் வழக்கு. வழக்குப் போட்டவர் ஜெயபாலனுடைய பெரிய வக்கீல். வழக்குக் கட்டு மேசைக்கு வந்ததும் ஜெயபாலன் முதல் பக்கத்தைப் பார்த்தான். முதல் பிரதிவாதி சன்னாசி. பதினெட்டாவது செல்லாயி. நடுவில் இருந்த பதினாறு பேரையும் அவன் அண்ணே, அக்கா, மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன்.

"சார், இது எங்க லயம். வேற ஆளை அனுப்புங்க" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வான்? அப்பா தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி என்று ஆபிசில் அளந்துவிட்டிருந்தான். அப்பா பால் மரம் வெட்டியவர். அம்மா காண்டாக் கம்பில் பால் வாளி கட்டித் தோளில் தூக்கியவள். லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. ஆனால் அவனுக்குக் குறைந்துவிடும் போல இருந்தது. கட்டைத் தூக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனான். பதினெட்டுப் பிரதிகளும் ஒரே தடித்த பழுப்பு உறையில் இருந்தன. மோட்டார் சைக்கிள் லயத்துக்குத் திரும்பும்போதே உறுமி மேளச் சத்தம் கேட்டது. அன்றைக்கு மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். பத்திரிகை வீட்டுக்கு வந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த கடிதம் என்று அவன் பிரிக்காமலே அலமாரி மேல் போட்டிருந்தான்.

அவனைப் பார்த்ததும் கோயில் தலைவர் சன்னாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"வந்துட்டியா பாலா. வருவியோ மாட்டியோன்னு ஒரே ரோசனையா இருந்துச்சு. வா வா, ஒனக்காகத்தான் மரியாதைய நிறுத்தி வச்சிருக்கோம்லா."

"மாமா, நான் ஒரு வேலையா..."

"எல்லா வேலையும் அப்புறம் பாக்கலாம்."

தோட்டத்துப் பிள்ளைகளில் கோர்ட்டு வேலைக்குப் போன முதல் பிள்ளை அவன்தானாம். அவனுக்குத்தான் முதல் மாலை என்று கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள். தலையில் பரிவட்டம் கட்டினார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. செல்லாயி கிழவி முன்னால் வந்து அவன் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். அவன் அம்மா பால் வாளி தூக்கப் போனபோதெல்லாம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவனைத் தூக்கி வைத்திருந்தவள் அவள்தான்.  இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது, பூசை முடியட்டும் என்று ஜெயபாலன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அர்ச்சகர் காணிக்கைத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சன்னாசியின் கண் அவன் கையிலிருந்த உறைமேல் விழுந்தது. அவர் முகம் மலர்ந்துபோனது.

"காணிக்கையாப்பா? வையி, தட்டுல வையி."

வைத்தான். அதைத்தான் எத்தனை விதமாகச் சொன்னாலும் மாற்ற முடியாது. வெற்றிலை, தேங்காய், பூ, அதன்மேல் பதினெட்டு பேரை வீட்டைவிட்டுக் கிளப்பும் சம்மன். சன்னாசி இரண்டு கையாலும் உறையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நமது தோட்டத்தின் செல்வன், கோர்ட்டில் உத்தியோகம் பார்க்கும் திரு ஜெயபாலன் அவர்கள் அம்மனுக்குக் காணிக்கை செலுத்துகிறார்" என்று ஒலிபெருக்கி அலறியது. ஜனங்கள் கை தட்டினார்கள். உறையின் கனத்தைப் பார்த்துச் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த உறை மற்ற காணிக்கை உறைகளோடு மரப்பெட்டிக்குள் போனது. பெட்டியைப் பூட்டி, மஞ்சள் துணி சுற்றி, அம்மன் காலடியில் வைத்தார்கள். இனி மண்டல பூசை முடியும் நாற்பத்தெட்டாம் நாள்தான் திறப்பார்கள். நடுவில் தொட்டால் குற்றம். இது அந்தக் கோயில் வழக்கம், ஜெயபாலனுக்கும் தெரிந்த வழக்கம். சம்மனுக்குப் பதில் சொல்ல எட்டு நாள்.

பந்தியில் உட்கார வைத்துச் செல்லாயியே பரிமாறினாள். சாப்பிட்டான். இரண்டாம் தரம் பாயசமும் வாங்கிக்கொண்டான்.

வண்டியில் வரும்போது மனது சட்டம் பேசிப் பார்த்தது. சன்னாசி கையால் வாங்கினாரா இல்லையா? வாங்கினார். கைக்குப் போனால் கொடுத்ததாகத்தானே அர்த்தம்? திங்கட்கிழமை காலையில் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் நின்று, பதினெட்டு பிரதிவாதிகளுக்கும் நேரில் கையில் கொடுத்து விஷயத்தை விளக்கினேன் என்று கையெழுத்துப் போட்டான். பேனா ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அதிகமாக வெட்கப்பட்டான்.

கோர்ட்டு என்றால் கூண்டு ஏறி, வக்கீல்கள் மல்லுக்கட்டி, நீதிபதி இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிராளி பதில் சொல்லாவிட்டால் அந்தக் கூத்து ஒன்றும் கிடையாது. எட்டு நாள் போனது. ஒருவரும் பதில் தரவில்லை. சம்மன் கொடுத்ததற்கு ஜெயபாலனுடைய பிரமாணப் பத்திரம் சாட்சி. அதை வைத்து மனுப் போட்டார்கள், முத்திரை விழுந்தது, ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டது. வீடு போனது வீட்டில் இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது. அவர்கள் மண்டல பூசைக்கு முறைவைத்துப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயபாலன் தினமும் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தான். ஒரு நாள் மழை. ஒரு நாள் வேலை. ஒரு நாள் பாதி வழிவரை போய்விட்டுத் திரும்பினான். அவன் மனைவி மங்களம் அந்த மாலையைப் பூ உதிர்ந்து நார் தெரிகிறவரை வாசல் நிலையில் தொங்கவிட்டிருந்தாள். அவன் அதன் அடியில் குனிந்து குனிந்து போய்வந்தான்.

நாற்பத்தொன்பதாம் நாள் ஆபிசை விட்டு இறங்கினான். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் தூணோடு ஒட்டிக்கொண்டு சன்னாசி நின்றார். கையில் அந்தப் பழுப்பு உறை, மேலே ஒரு மஞ்சள் பையைச் சுற்றியிருந்தார். 

"இந்தப் பக்கம் வா பாலா. ஒன் மொதலாளி பாத்துறப் போறாரு" என்று அவன் முழங்கையைப் பிடித்து எதிரே இருந்த கோப்பிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். உட்கார்ந்ததும் குரலைத் தணித்தார். "நேத்து பொட்டி தொறந்தோம். ஒன் கவருல ஆபிஸ் பேப்பரு மாறி வந்துருக்கு. அன்னிக்கு அவசரத்துல காணிக்கைக் கவர வுட்டுட்டு இதத் தூக்கிட்டு வந்துட்ட போல. இத்தினி நாளா தேடிருப்பியேலா. மொதலாளி ஏசுனாரா?"

ஜெயபாலன் கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு கோப்பி சொன்னான்.

"யாரும் பாக்கல. நானும் செல்லாயியும்தான். மைக்குல சொல்லியாச்சு, இப்பப் போயி கவருல காணிக்கை இல்லன்னு தெரிஞ்சா ஒனக்கு அசிங்கம். அதான் மூச்சு விடல. காணிக்கைய மெதுவா குடு, அவசரமில்ல."

"மாமா..."

"எம் பேரு இங்கிலீசுல எழுதுனா எனக்குத் தெரியும். மேல அதான் இருந்துச்சு. செல்லாயி கேட்டுச்சு, வீட்டு விசயமா நமக்காக மனு கினு எழுதிட்டு இருக்குதோ பிள்ளன்னு. அப்படி ஏதாச்சும் இருந்தா சொல்லுப்பா. கையெழுத்து வேணும்னா எல்லாரும் வந்து போடுறோம்."

அந்தக் கடையில் அப்போதே அவன் சொல்லியிருக்க வேண்டும். எதிரில் மனிதர் வேர்த்து விறுவிறுத்து, இரண்டு பஸ் மாறி, இவன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். இவன் என்ன செய்தான் தெரியுமா? "பாக்குறேன் மாமா" என்று சொல்லி உறையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். சன்னாசி நிம்மதியாகக் கோப்பியைக் குடித்துவிட்டு நாலரை பஸ்ஸுக்குப் போனார். ஜெயபாலன் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் போய் முகத்தைக் கழுவினான். கழுவக் கழுவ அசிங்கமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரிய வக்கீல் கூப்பிட்டார்.

"ஒன்பதாம் கட்டை விஷயம். பதினாலாம் தேதி காலைல கோர்ட்டு பெய்லிப் போறாரு, வீட்டைக் காலி பண்ண. நீயும் கூடப் போ. எந்த வீட்டுல யாருன்னு காட்டணும். நீதானே எல்லாருக்கும் நேர்ல கொடுத்தே, உனக்குத்தான் முகம் தெரியும்."

சாமான்களை வெளியே தூக்கிப் போடுவார்கள். அதை அவன் பல தடவை பார்த்திருக்கிறான். இந்தத் தடவை அவன் விரலை நீட்டி, இதுதான் செல்லாயி வீடு என்று காட்ட வேண்டும். "சரி சார்" என்று வெளியே வந்தவன் மேசையில் உட்காரவில்லை. ஈப்போவின் பழைய டவுன் பகுதியில் ஷரபுதீன் என்று ஓர் இளம் வக்கீல் இருந்தார். சில வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீலாகப் பார்த்த பழக்கம். அவருடைய மாடிப்படியில் ஏறினான்.

ஷரபுதீன் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"ஒழுங்கா கொடுத்த சம்மனா இருந்தா, ஏன் வரலன்னு சொல்லணும், நல்ல எதிர்வாதம் இருக்குன்னு காட்டணும், அப்புறம் ஜட்ஜு மனசு வைக்கணும். கொடுக்கவே இல்லன்னா அந்தத் தீர்ப்பு நிக்காது, தள்ளியே ஆகணும். ஆனா கொடுத்தேன்னு சத்தியம் பண்ணது நீங்க. அது பொய்யின்னும் நீங்கதான் சத்தியம் பண்ணணும். வேலை போயிரும். பொய்ச் சத்தியத்துக்கு உங்க மேலயே கேஸ் வரலாம். யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

"அப்ப முதல் பிரதிவாதியக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் சன்னாசி வந்தார். மனுவில் கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தை ஷரபுதீன்தான் சொன்னார். ஜெயபாலன் தலை நிமிரவில்லை. சன்னாசி தம் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நான் வாங்கி வச்சு மறந்துட்டேன்னு சொல்லிர்றேன் தம்பி" என்றார் வக்கீலிடம். "இவனுக்குப் பிள்ளைங்க இருக்கு. சின்னப் பிள்ளைங்க."

"அப்படிச் சொன்னா சம்மன் ஒழுங்கா வந்ததா ஆயிரும் ஐயா. பதினெட்டு வீடும் போயிரும்."

சன்னாசி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப அவனே சொல்லட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஜெயபாலனைப் பாலா என்று கூப்பிடவில்லை.

பிரமாணப் பத்திரத்தை எழுதும்போது ஷரபுதீன் ஒரு வரியை உரக்கப் படித்தார். "பிரதிவாதிகள் மேல் கொண்ட இரக்கத்தால் உண்மையைச் சொல்ல முடியாமல் போனது. இப்படிப் போடலாமா? கொஞ்சம் உங்களுக்கும் உதவும்."

நல்ல வரி. ஏற்றுக்கொண்டிருந்தால் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டார்கள். ஜெயபாலன் சன்னாசியைப் பார்த்தான். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரக்கம் இல்ல சார்" என்றான். "எனக்கு மாலை போட்டாங்க. பேர மைக்குல சொன்னாங்க. அதக் கெடுத்துக்க எனக்கு மனசு வரல."

"இதையே எழுதவா?"

"எழுதுங்க சார்."

அதே சாயங்காலம் பெரிய வக்கீலிடம் போய்ச் சொன்னான். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை. "உன் கையெழுத்த நம்பித்தான் நான் என் கையெழுத்தப் போட்டேன்" என்றார். ஆபிஸ் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். அடுத்த நாளே போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். அதைத் தப்பு என்று சொல்ல முடியுமா? முடியாது.

நீதிபதியின் அறையில் விசாரணை பத்து நிமிஷம் நடந்தது. ஜெயபாலனுடைய இரண்டு பிரமாணப் பத்திரங்களும் பக்கம் பக்கமாக மேசையில் கிடந்தன. இரண்டிலும் ஒரே கையெழுத்து. "இதில் எது உண்மை?" என்று நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இரண்டாவது" என்றான் ஜெயபாலன். பெரிய வக்கீல் எழுந்து ஆட்சேபம் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். தீர்ப்பு ரத்து. பதினாலாம் தேதிக்குப் பெய்லிப் போகவில்லை. வழக்கு மறுபடி முதல் படியில் வந்து நின்றது. சம்மனை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், எட்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் வாதாட வேண்டும். ஜெயிக்கலாம், தோற்கலாம். யாரும் கேட்காமலே தோற்பது மட்டும் இனி இல்லை.

பதினெட்டு பேருக்கும் தாமே ஆஜராகி, சம்மனையும் தாமே பெற்றுக்கொள்ள ஷரபுதீன் சம்மதித்தார். அதற்கு ஒவ்வொருவரும் அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

"நீங்களே போங்க" என்றார் ஜெயபாலனிடம். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரதியக் கையில குடுத்து, என்ன எழுதிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க. அன்னிக்குச் சொல்லாம விட்டத இப்பச் சொல்லுங்க."

அதற்குச் சிறைக்குப் போகச் சொன்னால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. ஆனால் போனான். மாலை ஐந்து மணிக்கு ஆயாக் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சன்னாசி விஷயத்தைச் சொல்லிவைத்திருக்க வேண்டும். யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஒருவரும் எழுந்து நாற்காலி போடாததால் ஜெயபாலன் நின்றுகொண்டே பெயர்களைப் படித்தான்.

"சன்னாசி."

அவர் வந்து வாங்கிக்கொண்டார். "நீங்க இருக்கிற வீட்ட விட்டு வெளியேறணும்னு நிலத்துக்காரர் வழக்குப் போட்டிருக்காரு. எட்டு நாளுக்குள்ள பதில் சொல்லணும். பதில் சொல்லலன்னா தீர்ப்பு ஒங்களுக்கு எதிரா வந்துரும்" என்றான் ஜெயபாலன்.  அடுத்த பெயரைப் படித்தான். பிச்சைமுத்து. நல்லம்மாள். இருளாயி. பதினேழு தடவை அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னான். ஐந்தாவது ஆளுக்குமேல் யாருடைய முகத்தையும் அவனால் பார்க்க முடியவில்லை, கைகளைத்தான் பார்த்தான். பால்கறை ஏறிக் கறுத்த விரல்கள் ஒவ்வொன்றாக வந்து காகிதத்தை வாங்கி, வக்கீலுக்கான அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போயின. ஒருத்தரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

கடைசிப் பெயர் செல்லாயி. கிழவி மெதுவாக எழுந்து வந்தாள். காகிதத்தை வாங்கி, அவன் சொல்வதை முழுக்கக் கேட்டாள்.

"இதக் குடுக்கத்தான் அன்னிக்கி வந்தியா?"

"ஆமா பெரியம்மா."

"மாலை போடுறப்ப இது ஒங்கையிலதான் இருந்துச்சா?"

"ஆமா."

அவள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சொல்லிருந்தா மாலைய கழட்டிருப்போம்னு நெனச்சியா?"

 ஜெயபாலன் அப்படித்தான் நினைத்திருந்தான்.  செல்லாயி மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றி, அதிகாரப் பத்திரத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். அவன் இடத்தைக் காட்டினான்.